ஒரு வரிதான் பாக்கி

‘உபாதை தொடங்கிய நேரம்’ என்று ஆஸ்பத்திரிப் படிவத்தில் இருந்த கட்டத்தில் அவர் ஒன்பது இருபது என்று எழுதிவிட்டு, பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒன்பது பத்து என்று எழுதினார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், “அடிச்சா கையெழுத்துப் போடணும் சார்” என்றாள். போட்டார். காலையில், ‘சர்க்கரை தீரப்போகுது, ஞாபகம் வச்சுக்குங்க’ என்று சொன்ன மனைவி, மதியம் பன்னிரண்டுக்குள் ஒரு படிவத்தில் ‘இறந்தவர்’ ஆகியிருந்தாள். அது இன்னும் உள்ளே இறங்கவில்லை.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துகிற வேலை அவருக்கு. பத்தாவதோடு படிப்பு நின்றுபோனது. கதை எழுதும் ஆசை நிற்கவில்லை. அனுப்பிய கதைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. அப்படித் திரும்பிய ஒன்றின் ஓரத்தில் யாரோ பென்சிலால், ‘முதலில் சின்னதாக எழுதிப் பழகுங்கள்’ என்று குறித்திருந்தார்கள். சின்னது என்றால் எது என்று யோசித்து, வாரப் பத்திரிகைகளின் வாசகர் கடிதப் பகுதியைப் பிடித்துக்கொண்டார். ஏழு வருஷமாக வாரம் ஒரு கடிதம். நடைபாதைப் பள்ளம், தொடர்கதையின் இழுவை, அட்டைப்படத்தின் அசட்டுத்தனம், எது கிடைத்தாலும் விடமாட்டார். கடையில் அவர் பெயரே ‘கடுதாசி’ ஆகிவிட்டது.

அச்சில் வந்தவை நாற்பத்தொன்று. அதில் பாதிக்கு மேல் மனைவியின் புண்ணியம். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பிசிறு வெட்டுகிறவள். தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நாள் முழுக்கக் கத்தரிப்பவள். கடிதங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தாள்.

“முதல் ரெண்டு வரி பிசிறு. எடுத்துடுங்க.”

“அது முன்னுரைடி.”

“முன்னுரைய யாரு கேட்டா? பள்ளம் எங்க இருக்குன்னு சொல்லுங்க, விழாம போவாங்க.”

முணுமுணுத்துக்கொண்டே எடுப்பார். அனுப்பினால் வந்துவிடும்.

படிக்கட்டை ஒட்டிய பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பஸ் மாறி அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மைத்துனர் வண்டிக்குச் சொல்லப் போயிருந்தார். படிவத்தின் நகலை மகளிடம் நீட்டினார். படித்துக்கொண்டே வந்த அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.

“ஏம்ப்பா இதை அடிச்சிருக்கீங்க?”

“தப்பா எழுதிட்டேன்.”

“ஒன்பது இருபதுக்குத்தான் பாத்தேன்னு மாமாகிட்ட சொன்னீங்க.”

“பாத்தது ஒன்பது இருபதுக்குத்தான்.”

“அப்போ ஒன்பது பத்துக்கு என்ன?”

ஏதாவது சொல்லியிருக்கலாம். வீட்டில் அப்போது அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அவர் சொல்வதுதான் நடந்தது என்று ஆகிவிடும். பொருத்தமான வாக்கியம் ஒன்று வாய்வரைக்கும் வந்தது.

“உங்கம்மா கூப்பிட்டா” என்றார்.

மகள் நிமிர்ந்தாள்.

“குளியலறையிலேருந்து. ‘ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க’ன்னு. சத்தமாக்கூட இல்ல. நான் கடிதம் எழுதிட்டிருந்தேன். ‘ஒரு வரிதான் பாக்கி, முடிச்சிட்டு வரேன்’னேன். மறுபடி கூப்பிடல. சரி, அவளே பாத்துக்கிட்டா போலன்னு இருந்துட்டேன். கடைசி வரி சரியா வரல. அடிச்சு அடிச்சு எழுதிட்டே இருந்தேன். அப்புறம் போய்ப் பாத்தா விழுந்து கிடந்தா.”

“பத்து நிமிஷமா?”

“பத்து நிமிஷம்.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“கேட்டேன். முன்னாடியே வந்திருந்தா பொழச்சிருப்பாங்களா மாட்டாங்களான்னு சொல்ல முடியாதுன்னாரு.”

தரை துடைக்கிற பெண் பெஞ்சு அருகே வந்து, “காலைக் கொஞ்சம் தூக்குங்க” என்றாள். இருவரும் தூக்கினார்கள். ஈரத் துணி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. அவள் நகர்ந்த பிறகும் மகள் காலைக் கீழே வைக்க மறந்திருந்தாள்.

“எதைப் பத்தி எழுதுனீங்க?”

அவர் ஈரத் தரையைப் பார்த்தார்.

“போன வாரக் குறுக்கெழுத்துல... ஒரு கட்டம் தப்பு.”

மகள் நகலை நாலாக மடித்தாள், இன்னும் ஒரு தடவை மடித்தாள், உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

மைத்துனர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். “வண்டி வந்துருச்சு. பேப்பர்ல போட ரெண்டு வரி கேக்கறாங்க. நீங்களே எழுதிடுங்க மச்சான். உங்களவிட யாரு எழுதிடப் போறா?”

நீட்டிய தாளை அவர் வாங்கிக்கொண்டார். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘காலமானார்’ என்று எழுத நினைத்தார். அந்தச் சொல்லின் முதல் எழுத்து எது என்று தெரியவில்லை.

“என்ன மச்சான்? என்ன ஆச்சு?”

“குடுங்க மாமா” என்று மகள் தாளை வாங்கினாள். “நான் எழுதறேன். அப்பாவால முடியல.”

வேறெதுவும் அவள் சொல்லவில்லை. மைத்துனரும் கேட்கவில்லை.

கீழே வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஒரே ஒரு பெஞ்சு இருக்கை. மைத்துனர் முன்னால் டிரைவரோடு ஏறிக்கொண்டார். மகள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் கீழேயே நின்றார்.

“ஏறுங்க சார், கதவை மூடணும்” என்றார் உதவியாளர்.

அவர் மகளைப் பார்த்தார். மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பாமலே, இருக்கையில் அவர் உட்கார வேண்டிய இடத்தில் கிடந்த ஆஸ்பத்திரிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.