கடலில் போட்ட கல்

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரிக்காரர், நான் வாசலில் நின்றால் தொட்டி நிரம்பும்வரை குழாயை விட்டு நகரமாட்டார். வேலையும் அதற்குத் தோதாகவே அமைந்தது. சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் அறக்கட்டளை பணம் கொடுக்கும் சுற்றுச்சூழல் திட்டங்கள் நிஜமாகவே நடக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். போட்டோவில் தழைத்திருக்கும் மரக்கன்று நேரில் குச்சியாக நிற்கும். அதையெல்லாம் பார்த்துப் பார்த்து மனுஷர்கள் சிரித்தாலே எனக்கு உறுத்தும்.

கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பம். கரையோரக் கடலில் மீன் அற்றுப்போனதால், சிறுசிறு கான்கிரீட் வளையங்களை இறக்கி எங்கள் பணத்தில் ஒரு செயற்கைப் பாறை போட்டிருந்தார்கள். கல்லில் பாசி பிடித்தால் மீன்குஞ்சுகள் வந்து தங்கும். இரண்டாவது பாறைக்கும் பணம் கேட்டிருந்தார்கள். முதல் பாறை நன்றாக இருக்கிறதென்று நான் எழுதினால்தான் அது கிடைக்கும்.

ஜெயவேலு என்பவரின் ஃபைபர் படகில் போனேன். கல் இறக்கிய வேலையை முன்னின்று செய்தவர் அவர்தான். திட்ட அறிக்கையில் குறித்திருந்த இடத்துக்கு வந்ததும் கயிற்றில் கேமராவைக் கட்டி இறக்கினோம். திரையில் சேறு தெரிந்தது. கொஞ்சம் தள்ளி இறக்கினோம். அங்கேயும் சேறு, நடுவில் ஒரு பால் கவர்.

"கல்லெல்லாம் எங்கண்ணா?"

"பொதைஞ்சி பூட்ருக்கும் மேடம்."

"ஒண்ணு விடாம எல்லாமா?"

"கடலாச்சே. அது இன்னா வேணா செய்யும்."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கல்லே போடாமல் கணக்குக் காட்டியிருக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரைக்குத் திரும்புவதற்குள் அறிக்கையை மனசில் எழுதி முடித்துவிட்டேன்.

கரையில் ஜெயவேலுவின் மனைவி அங்காளம்மா மீன் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் ஒரு பெட்டிமேல் சட்டென்று ஈரச் சாக்கை இழுத்துப் போட்டார். மீனே சாப்பிடாத என்னிடமிருந்து மீனை எதற்கு மறைக்க வேண்டும்? சாக்கை விலக்கினேன். பெட்டி நிறையக் கலவா. திட்டப் படங்களில் பார்த்துப் பார்த்துப் பழகிய மீன். பாறை இடுக்கில் வாழ்வது, சேற்றில் தங்காது.

"இது எங்க பிடிச்சது அக்கா?"

"காசிமேட்ல வாங்கியாந்தது."

"அங்கிருந்து வந்தும் வாயைத் திறந்து திறந்து மூடுதே?"

அங்காளம்மா புருஷனைப் பார்த்தார். அவர் மணலைப் பார்த்தார்.

"சொல்லித் தொலையேன்யா" என்று அவரைத் திட்டிவிட்டுத் தானே சொன்னார். "கல்லு கீதும்மா. நீங்க எழுதி வெச்ச எடத்துல இல்ல. வேற எடத்துல எறக்கிட்டோம். பக்கத்துக் குப்பத்துல போட்ட கல்ல இன்னா பண்ணாங்க தெரியுமா? எடத்த அப்டியே நெட்ல போட்டாங்க. சுருக்குமடி வலையோட பெரிய போட்டுங்க வந்து, குஞ்சு குளுவான்னு பாக்காம வாரிகினு பூட்ச்சுங்க. எங்களுதையும் வாரணுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"கண்ணால பாக்காம நான் எழுத முடியாது. காட்டுங்க. இடத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன்."

இருவரும் தள்ளிப்போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வந்த அங்காளம்மா முதலில் என் செல்போனை வாங்கிக் கூடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையை நீட்டினார். அதில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மறுபடி படகில் போனோம். ஜெயவேலு கரையை நோக்கிக் கண்ணை இடுக்கி, கோயில் கோபுரத்தையும் ஏதோ ஒரு டவரையும் அடையாளம் வைத்துப் படகை நிறுத்தினார். கேமரா இறங்கியது. திரையில் வளையம் வளையமாகக் கல், அதன்மேல் பச்சைப் பாசி, அதற்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரும் குஞ்சுகள். சந்தோஷத்தில் கத்திவிட்டேன். இத்தனை வருஷ வேலையில் காகிதத்தில் சொன்னதைவிட நேரில் அதிகமாக இருந்தது இதுதான் முதல் தடவை.

'பாறை இருக்கிறது, மீன் இருக்கிறது, மீனவர்களின் பாதுகாப்பு கருதி இடம் குறிக்கப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அறக்கட்டளைத் தலைவர் அச்சுதன் சார் அதைத் தூக்கி என் முகத்திலேயே எறிவார் என்று பயந்துகொண்டிருந்தேன். மறுநாளே கூப்பிட்டார்.

"சேங்ஷன் பண்ணியாச்சு சத்யபிரியா."

"சார், இடம் போடலையே..."

"மார்ச் முடியப்போகுது. இந்த வருஷப் பணத்தை செலவழிச்சே ஆகணும். இடத்தை யார் போய்ப் பாக்கப்போறா?"

என் வேலைக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று சுருக்கென்றது. ஆனாலும் அவர்களுக்குப் பணம் கிடைத்துவிட்டதே. நல்ல செய்தியை நானே சொல்லலாம் என்று குப்பத்துக்கு ஓடினேன்.

அங்காளம்மா சிரிக்கவில்லை.

"எடம் சொல்லாம எவன் பணம் குடுப்பான்?"

"சத்தியமா சொல்லல அக்கா. உங்க கைல அடிச்சுக் குடுத்தேனே."

"பக்கத்துக் குப்பத்துலயும் ஒர்த்தி அடிச்சிக் குடுத்துட்டுத்தான் போனா. எடம் தெரியாம எப்டிக் குடுத்தாங்க, அத்தச் சொல்லு."

மார்ச் கணக்கைச் சொன்னேன். வருஷம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் கம்பெனிக்குச் சிக்கல், அதனால் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டார்கள் என்றேன். பேசப் பேச எனக்கே அது பொய் போல ஒலித்தது.

ஜெயவேலு பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே போட்டார். பக்கத்துப் படகுக்காரர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். கயிறும் கொக்கியும் படகில் ஏறின.

"எங்கண்ணா போறீங்க?"

"கல்லத் தூக்கி வேற எடத்துல போடணும்."

"ஐயோ, வேணாம்ணா! பாசியெல்லாம் உரிஞ்சு போயிடும், குஞ்செல்லாம் செத்துப்போயிடும். நான் யாருக்கும் சொல்லல, என்னை நம்புங்க!"

"நீ சொல்லாமலே இருந்துருப்பம்மா" என்றார் ஜெயவேலு, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து. "ஆனா ஒனக்குத் தெரியுமே."

எஞ்சினைக் கிளப்பினார்.