சிலுவைக்குக் கீழே எகோன்

எங்கள் பத்துப் பேரின் பெயரைப் பிடுங்கியது போதாதென்று, கப்பல் ஏறும் முன் பையையும் துழாவினான் சார்ஜென்ட் ஹார்டிங். வியன்னாவிலிருந்து தப்பி வந்து பிரிட்டிஷ் படையில் சேர்ந்த யூதர்கள் நாங்கள். ஜெர்மன்காரன் கையில் சிக்கினால் யூதன் என்று தெரியக் கூடாது. அதனால் எகோன் ஸில்ட்ஸர், எட்வர்ட் சாண்டர்ஸ் ஆனான். கழுத்துத் தகட்டில் கிறிஸ்தவன்.

எகோன் பையில் அவன் அப்பாவின் தெஃபிலின் இருந்தது. காலை ஜெபத்துக்குக் கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்ளும் இரண்டு தோல்பெட்டிகள், நீண்ட வார்களோடு. ரயில் நிலையத்தில் வழியனுப்பும்போது அவர் கொடுத்தது. பிறகு அவரை நாஜிகள் போலந்துக்கு ஏற்றிவிட்டார்கள். கடிதம் நின்றுபோயிற்று.

"இது இங்கேயே இருக்கட்டும்," என்றான் ஹார்டிங்.

"அப்பாவோடது, சார்ஜென்ட்."

"யாரோடதா இருந்தா என்ன? மாட்டினா நீ மட்டும் சாக மாட்ட. மத்த ஒன்பது பேரும் சேர்ந்து சாவாங்க."

வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டினான், கல்நெஞ்சக்காரன். அன்று முதல் அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தாலியில் ஒரே மழை. பதுங்குகுழியில் எகோன் சொன்னான்:

"டேய் ப்ரூனோ, செத்தா என் தலைமாட்டுல சிலுவைய நட்டுடுவாங்க. போகட்டும், மரந்தானே. ஆனா நம்ம கதிஷ் ஜெபத்தச் சொல்லாம விட்டுடாதடா. எனக்குச் சொல்ல வேற ஆளில்ல."

"முதல்ல அந்தக் காலுறையக் கழட்டு. வாடைக்கே ஜெர்மன்காரன் ஓடிடுவான், நீ எங்க சாகறது."

"சொல்லுவியா, மாட்டியா?"

"சொல்றேன்டா."

நான்காம் நாள் ஆற்றைக் கடக்கும்போது அவன் மார்பில் குண்டு பாய்ந்தது.

அடக்கத்துக்கு வந்த பாதிரியார் நல்ல மனிதர். எட்வர்ட் சாண்டர்ஸ் என்ற கிறிஸ்தவனுக்காக மனமுருகி ஜெபித்துவிட்டுப் போனார். எங்கள் ஆட்கள் மட்டும் நகரவில்லை. இறந்தவருக்கான கதிஷைச் சொல்லப் பத்து யூத ஆண்கள் கூடியிருக்க வேண்டும். மனிதர்களை நேராக எண்ணினால் கண்பட்டுவிடும் என்பார்கள் எங்களில். அதனால் எங்கள் வீட்டு மொழியான இத்திஷில், என் அப்பா எண்ணுவதுபோல எண்ணினேன்: ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்றல்ல...

ஒன்பதல்ல என்பதோடு ஆள் தீர்ந்துபோயிற்று. பத்தாவது ஆள் மண்ணுக்குள் கிடந்தான். பக்கத்துப் படையில் யூதன் உண்டா என்று விசாரித்தால் எங்கள் எல்லோருடைய ரகசியமும் அம்பலமாகிவிடும். வாக்குக் கொடுத்தவன் நான். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

மண்வெட்டியோடு சற்றுத் தள்ளி நின்றிருந்தான் ஹார்டிங். எங்களை விரட்டத்தான் நிற்கிறான் என்று நினைத்திருந்தேன். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"பத்தல்ல," என்றான் இத்திஷில்.

எங்களில் ஒருவன் கேட்டான்: "எந்த ஊர், சார்ஜென்ட்?"

"அதெல்லாம் அப்புறம். ப்ரூனோ, சொல்லு."

சொன்னேன். எட்வர்டுக்கு அல்ல, எகோனுக்கு. பாதியில் அழுகை முட்டி அடுத்த வார்த்தை மறந்துபோயிற்று. ஹார்டிங் தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுத்தான். அதன் பிறகும் ஓர் இடத்தில்கூட அவன் தடுமாறவில்லை. தினமும் மனதுக்குள் சொல்கிறவனுக்குத்தான் அது அப்படி வரும். யாருக்காகச் சொல்கிறான் என்று நான் கேட்கவில்லை.