நாற்பத்தோராவது ஆள்

நவமணி வளாகத்தில் நூறு கிலோ கரிப்புகை சேர்ந்ததும் அது ஓர் ஆளாகி, மின்சார அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும். சாம்பல் நிறச் சட்டை, சாம்பல் நிறப் பேன்ட். கையில் ஒன்றும் இருக்காது. வந்தவர் முன்கூடத்தில் காலியாக இருக்கிற நாற்காலியில் உட்காருவார். ஒருமுறை உட்கார்ந்துவிட்டால், மாதம் முடிந்து வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை எழுந்திருக்க மாட்டார். அவிநாசி சாலையில் எல்லாக் கட்டடத்திலும் இப்படித்தான்.

முன்பெல்லாம் மாதக் கடைசியில் மொத்தமாக வருவார்கள். அறுபது பேர், எழுபது பேர். மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று தெரியாத கல்யாணக் கூட்டம் மாதிரி நிற்பார்கள். எந்த மாடியில் கரண்ட் வீணானது என்று கேட்டால் அவர்களுக்கே மறந்திருக்கும். போன சித்திரையில் புது மீட்டர் பலகை மாட்டினார்கள். அதிலிருந்து நூறு கிலோ சேர்ந்த அந்த நிமிடமே மணி அடிக்கிறது, கதவு திறக்கிறது, ஒருவர் வருகிறார். கடைசிச் சிட்டிகைப் புகை எங்கே சேர்ந்ததோ, அந்த இடத்தையும் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்.

"மூணாவது மாடி. மீட்டிங் ரூம். ஏசி பதினாறுல ஓடுது. உள்ளே ஆள் இல்லை."

கட்டடத்தின் சூப்பர்வைசர் சுகந்தி உடனே படியேறி ஓடிப்போய் அணைத்துவிட்டு வருவாள். லிஃப்டில் போக முடியாது. லிஃப்டில் போனால் அதற்கு ஒருவர் வருவார்.

ஒரு கட்டடத்துக்கு மாதம் நாற்பது பேர்தான் அளவு. கடைசி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் புகைக் கணக்கு அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து, முன்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களை எண்ணுவார். நிற்கிறவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். நாற்பத்தொன்று ஆகிவிட்டால் மேல்மாடியைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள். எதிர்ப்புறத்துக் கட்டடம் எட்டு மாடியாக இருந்தது. இப்போது நாலு. படிக்கட்டு மட்டும் எட்டு மாடி உயரத்துக்கு அப்படியே நிற்கிறது. மாடி போனவர்கள் அந்தப் படிகளில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து வேலை செய்கிறார்கள். மழை வந்தால் குடை பிடித்துக்கொள்கிறார்கள்.

நவமணி வளாகத்தின் மேல்மாடி ஆறாவது. அங்கே குழந்தைகள் காப்பகம். சுகந்தியின் மூன்று வயது மகள் மிருதுளா அதில்தான் இருக்கிறாள். காப்பகம் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆள் இல்லையென்றால் வேலை கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

வேலையில் ஒரு கஷ்டமும் இல்லை. மனிதர்கள்தான் கஷ்டம்.

"அக்கா, இந்த ஃபேனை யாரு போட்டது?" என்று சுகந்தி கேட்டாள். திங்கட்கிழமை. முன்கூடத்தில் முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாந்தான் கண்ணு," என்றாள் வரவேற்பில் இருக்கும் சம்பூரணம். "பாவம், எல்லாருக்கும் வேர்க்குதுல்ல."

"அவங்க புகைக்கா. புகைக்கு எங்க வேர்க்கும்?"

"வந்த சனத்தைப் புழுங்க வெச்சா உக்கார வெக்கறது? நல்லாருக்குதே நீ சொல்றது!"

மணி அடித்தது. முப்பத்து மூன்றாவது ஆள் வந்தார். "தரைத்தளம். முன்கூடம். ஃபேன்," என்றவர் கொஞ்சம் கூச்சப்பட்டு, "எங்களுக்குப் போட்டதுதான்," என்று சேர்த்துச் சொன்னார்.

சம்பூரணம் அவருக்கு டீ கொடுத்தாள். கரண்ட் அடுப்பில் போட்ட டீ. முப்பத்து நாலாவது ஆள் வந்து "டீ" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது.

சுகந்தி வந்தவர்களிடமே கேட்டுப் பார்த்தாள். "நீங்களாவது வேண்டாம்னு சொல்லலாமில்ல?"

"ஆசையா குடுக்கறாங்க. வேண்டாம்னா மனசு சங்கடப்படுமே," என்றார் முன்வரிசையில் இருந்தவர். எந்த மாதமும் இதே பதில்தான்.

நாற்காலிகளை எடுத்து ஒளித்து வைத்தாள். கட்டட முதலாளி திருமூர்த்தி தன் அறை நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். போட்டுவிட்டு, துண்டால் தட்டியும் விட்டார்.

"சார், இவங்க உக்காந்தாத்தான் கணக்கு. நிக்கட்டும், விடுங்க."

"அம்மிணி, நம்ம வாசலுக்கு வந்தவங்கள நிக்க வெச்சா ஊருக்குள்ள நான் தலை காட்ட முடியுமா?"

"ஆறாவது மாடி போயிரும் சார்."

"மாடி போனாக் கட்டிக்கலாம். பேரு போனா?"

பேரைக் காப்பாற்ற இருபது புது நாற்காலி வந்திறங்கியது. குஷன் வைத்தது.

சுகந்தி ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினாள். ஏசி ரிமோட் பதினேழும் பைக்குள் போயின. இரண்டாவது மாடியில் ஆடிட்டர் ஆபீஸ் ஆட்கள் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏசியில் உட்கார்ந்திருந்தார்கள். ஏசியை நிறுத்தினால் ஸ்வெட்டர் வேர்க்கும் என்றார்கள். ஸ்வெட்டரைக் கழற்றுங்கள் என்றாள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் முப்பத்தொன்பது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மணி அடிக்கவில்லை. கட்டடம் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டாள். எல்லோரும் விசிறிக்கொண்டே வேலை செய்தார்கள், அவளைத் திட்டிக்கொண்டும். மிருதுளா தூங்கும் காப்பகத்து அறையில் மட்டும் மதியம் ஒரு ஃபேன் போட்டாள். குழந்தை தூங்க வேண்டுமே. மூன்று மணிக்குக் கீழே வந்து பார்த்தால், அதிகாரியை வரவேற்க வாசலில் சீரியல் செட் மின்னிக்கொண்டிருந்தது. மைக் வேறு. "புகை குறைத்த பெருவிழா" என்று பேனர். திருமூர்த்தி கையில் சால்வையோடு நின்றார்.

"சார்!"

"குறைச்சிருக்கோமில்ல அம்மிணி? கொண்டாட வேண்டாமா?"

சுகந்தி ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. "வாசல். சீரியல் செட். பச்சையும் சிவப்பும் நல்லாத்தான் இருந்துது," என்று சொல்லிவிட்டு நாற்பதாவது ஆள் உட்கார்ந்தார். சம்பூரணம் அடுப்புப் பக்கம் நகர்ந்தாள். சுகந்தி அடுப்பையே தூக்கித் தன் மேசைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

காப்பகத்துப் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாட வேண்டுமாம். மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஆயாவோடு இறங்கி வந்துவிட்டார்கள். மிருதுளா இன்னும் எழுந்திருக்கவில்லை. சுகந்தி ஆறு மாடி ஏறினாள். ஃபேன் காற்றில் பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப நேரமில்லை. அப்படியே தோளில் போட்டுக்கொண்டு ஆறு மாடி இறங்கினாள்.

அதிகாரி பெஞ்சமின் சரியாக நாலு மணிக்கு வந்தார். வெயிலில் பைக்கில் வந்தவர், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "உஸ்ஸ்... ஃபேன் போடுங்கம்மா கொஞ்சம்," என்றார்.

சுவிட்சுக்குப் போன சம்பூரணத்தின் கையை சுகந்தி பிடித்துக்கொண்டாள்.

"ஃபேன் போட முடியாதுங்க சார்."

நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கே கஷ்டமாக இருந்தது.

"ஒரு வாய் டீயாச்சும்..." என்றார் திருமூர்த்தி. அவர் முகம் கறுத்துவிட்டது.

"டீயும் கிடையாது. பானைத் தண்ணி இருக்குது. வேணும்னா தரேன்."

பெஞ்சமின் பானைத் தண்ணீர் குடித்தார். ஃபைலால் விசிறிக்கொண்டே எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். நாற்பது. கையெழுத்துப் போட பேனாவைத் திறந்தார்.

மணி அடித்தது.

வந்தவர் சின்ன வயசு. சட்டை இன்னும் சரியாகக் காயாத மாதிரி இருந்தது. திருமூர்த்தி உடனே எழுந்து, "வாங்க தம்பி, உக்காருங்க," என்று தன் நாற்காலியைக் காட்டினார். சுகந்தி பிள்ளையோடு பாய்ந்து அதில் உட்கார்ந்துகொண்டாள். சம்பூரணம் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். சுகந்தி அதன்மேல் காலை நீட்டிக்கொண்டாள்.

"எந்த மாடி நீ?" என்றாள். யாரைத் திட்டுவது என்று தெரிந்தாக வேண்டும்.

"ஆறாவது மாடி. காப்பகம். ஃபேன். பாப்பாவைத் தூக்கிட்டு வந்தீங்க, ஃபேனை நிறுத்தாம வந்துட்டீங்க."

கீழே வந்திருந்த ஸ்வெட்டர் ஆடிட்டர்களில் ஒருவர் மட்டும் சிரித்தார். ஒரு மாதமாக வாங்கிய திட்டுக்கு அவருக்கு அது போதும். திருமூர்த்தி சத்தமில்லாமல் ஆயாவை மேலே அனுப்பி ஃபேனை நிறுத்தச் சொன்னார்.

"உக்காரச் சொல்லுங்கம்மா, எண்ணணும்," என்றார் பெஞ்சமின்.

"உக்கார மாட்டாருங்க சார். எங்க வீட்டு ஆளு."

"வீட்டு ஆளா?"

"நான் போட்ட ஃபேன்ல வந்தவரு. அப்புறம் வேற யாரு வீட்டு ஆளு?"

பெஞ்சமின் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சொந்தக்காரர்களைப் பார்வையாளர் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இருந்தது. ஆனால் உறவுமுறை எழுத வேண்டும். "என்ன முறை?"

சுகந்தி யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அப்போது சத்தத்தில் கண் விழித்த மிருதுளா, நிற்கிறவரைப் பார்த்து, "மாமா," என்றாள்.

பெஞ்சமின் "தாய்மாமன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திருமூர்த்தி முன்னால் வந்தார். "அப்படின்னா சார், இந்த நாப்பது பேரும் எனக்குப் பங்காளிங்கதானுங்க."

"உக்காந்தாச்சே சார். முன்னாலயே சொல்லியிருக்கணும்," என்று பெஞ்சமின் பேனாவை மூடினார். போகும்போது சால்வையை வாங்கிக்கொண்டு, வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொண்டார்.

ஆறாவது மாடி அதன் இடத்திலேயே இருந்தது. சுகந்தி ஆறு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தாள். முன்னால் மிருதுளா நின்றுகொண்டாள். பின்னால் தாய்மாமன், மடியில் மிருதுளாவின் பையோடு. நூறு கிலோ என்பதால் வண்டி மேட்டில் திணறியது. ஹோப்ஸ் சிக்னலில் அவள் வண்டியை அணைத்து நிறுத்தினாள்.

"நல்லது," என்றார் அவர்.

"வாயை மூடிட்டு வா," என்றாள் சுகந்தி.

வீட்டைத் திறந்தபோது ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறச் சட்டையில் ஒரு பெரியவரும், அயர்ன் பாக்ஸ் மேசைக்கு அடியில் ஓர் அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் மணி அடிக்கிற மீட்டர் பலகை கிடையாது, அதனால் எத்தனை நாளாக இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

"யாரு, தம்பியா?" என்று கேட்டார் பெரியவர்.

"ஆமாங்க," என்றாள் சுகந்தி. "சாப்பிட்டீங்களா?"

இல்லை என்றார்கள். ஐந்து பேருக்கு அரிசி கழுவிக் குக்கரில் வைத்தாள். வந்தவர்களுக்கு வேர்த்ததால் ஃபேனைப் போட்டாள். மூன்றாவது விசில் வரும்போது சமையலறையிலிருந்து ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, எங்கே உட்காருவது என்று பார்த்தார். மிருதுளா நகர்ந்து பாயில் இடம் விட்டாள். சுகந்தி இன்னொரு தட்டு எடுக்கப் போனாள்.