ஏழாவது முதுகு

மூன்றாவது திருகாணி கழன்று விழுந்து கதிரைகளுக்கு அடியில் உருண்டது. சஞ்சீவனி அதைப் பார்க்கக்கூட இல்லை. ஏணியின் மேல்படியில் நின்று, தோளால் படச் சட்டத்தைத் தாங்கிக்கொண்டு, நான்காவதில் திருப்புளியை வைத்து அழுத்தினாள். மணி மூன்று இருபது. நாலரைக்குக் கண்காட்சி திறப்பு.

“பிள்ளை, என்ன செய்யிறீர்?”

கீழே நவரட்ணராஜா நின்றார். கண்டி வாவிக் கரையில் இருந்த அந்த மண்டபத்தின் பொறுப்பாளர். யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னமும் உலகத்தை ஒரு கோப்பாகத்தான் பார்ப்பார்.

“ஏழாம் நம்பரைக் கழட்டுறேன் ஐயா.”

“ஏழை எடுத்தா ஆறுக்குப் பிறகு எட்டெல்லோ வரும். புத்தகம் அடிச்சாச்சு. தேத்தண்ணிக்கும் ரோல்ஸுக்கும் சொல்லியாச்சு.”

“ரோல்ஸுக்கும் இதுக்கும் என்ன ஐயா சம்பந்தம்?”

“எல்லாம் ஒரே நிகழ்ச்சிதானே.”

அவள் திருப்புளியை இன்னும் அழுத்தினாள். பத்து நிமிடத்துக்கு முன் வந்த அழைப்பு இன்னும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அழைத்தவள் நிரோஷினி. மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுப்பவள். இருபத்து நான்கு வயது. போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாய்மார் வேலை நேரத்தில் குழந்தைகளை விடும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைத் திறந்து, தொட்டில்களைச் சுவரோரம் ஒதுக்கி, ஒன்பது பெண்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பியவள் அவள்தான். தான் படம் எடுத்துக்கொள்ளவில்லை. கதவுக்கு வெளியே காவல் இருந்தாள்.

உள்ளே சஞ்சீவனியின் வழக்கம் மற்றப் புகைப்படக்காரர்களைப் போல இல்லை. விளக்கை வைப்பாள், கேமராவை நிறுத்துவாள், பிறகு நீளமான வயரின் முனையில் இருக்கும் பொத்தானை எதிரே இருப்பவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்வாள். எப்போது அழுத்துவது, எதைக் காட்டுவது எல்லாம் அவள் இஷ்டம். கண்காட்சிக்கு வைத்த பெயரே ‘அழுத்தியது நான்’. கொழும்பில் இதைப் பற்றி இரண்டு கட்டுரை வந்துவிட்டது.

ஏழாவதாக வந்தவள் முதுகைக் காட்டினாள். கூந்தலை முன்பக்கம் இழுத்துவிட்டு அழுத்தினாள். கறுப்பு வெள்ளை. மெலிந்த முதுகு, இடது தோளுக்குக் கீழே மூன்று தழும்புகள். ஒவ்வொன்றும் தபால்தலை அளவில் ஒரு சதுரம், நடுவில் ஒரு கீறல்.

“சுவத்துல மாட்டிக்கங்க. நான்னு மட்டும் எப்பவும், யாருகிட்டயும் சொல்லிறக் கூடாது,” என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

சுவரில் மாட்டத்தான் அனுமதி. சஞ்சீவனி அதை அழைப்பிதழிலும் போட்டாள். முகம்தான் இல்லையே என்ற தைரியம். அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் மலையேறி, நேற்று இரவு நிரோஷினியின் புருஷன் கஜேந்திரனின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அது தன் மனைவியின் முதுகு என்று முடிவு கட்டிவிட்டான்.

“அக்கா, வத்தேகம செட்ல ஆட்டோவுக்குப் பெட்ரோல் அடிக்கிறாரு,” என்றாள் நிரோஷினி, மூச்சை அடக்கிக்கொண்டு. “என்னையும் ஏத்திக்கிட்டு வர்றாரு. சபையில வச்சுக் கேப்பாராம். நான்தான்னு ஆச்சுன்னா என்னை அம்மா வூட்டுல எறக்கி விட்டுருவாராம். பாப்பாவ இனிக் காட்ட மாட்டாராம்.”

“நீ இல்லன்னு சொல்லு நிரோ.”

“நூறு தடவ சொல்லிட்டேன். அப்ப யாருதுன்னு கேக்குறாரு.”

“முகமே இல்லாத படம். ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்.”

“முகம் எதுக்குங்கக்கா? பீலித் தண்ணியில நாங்க வரிசையாக் குளிக்கிறவங்க. எங்களுக்கு ஒருத்தர ஒருத்தர் முதுகுலதான் தெரியும். லயத்து வீட்டுப் பொம்பளைங்க பாத்தவொடனே கண்டுபிடிச்சுட்டாங்க யாருன்னு. ஆம்பளைங்களுக்குத்தான் தெரியல.” குரல் சற்றுத் தாழ்ந்தது. “எனக்கும் தெரியும். பேரச் சொன்னா நான் தப்பிச்சுக்குவேன். சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லிறாதீங்க. மாமி வேற கூட வர்றாங்க, என்னைத் தனியா அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. அந்தா வர்றாரு, வைக்கிறேன்.”

அதன் பிறகுதான் சஞ்சீவனி ஏணியைத் தூக்கினாள்.

நான்காவது திருகாணியும் கழன்றது. சட்டத்தின் முழுப் பாரமும் அவள் தோளில் இறங்கியது. நவரட்ணராஜா முணுமுணுத்துக்கொண்டே கீழ்ப்பக்கத்தைப் பிடித்தார். படம் பாதி இறங்கியபோது இடுப்பில் இருந்த போன் சிணுங்கியது. நிரோஷினியின் குரல் பதிவு. ஆட்டோ இரைச்சலுக்குள் ஒரே மூச்சில் சொல்லியிருந்தாள்.

“அக்கா, எடுத்துறாதீங்க. வத்தேகம தாண்டிட்டோம். படம் சுவத்துல இல்லன்னா அது நான்தான், அதான் மறைச்சுட்டீங்கன்னு ஆயிரும்.”

சஞ்சீவனி சட்டத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். வைத்திருந்தாலும் அகப்படுவாள், எடுத்தாலும் அகப்படுவாள். எடுத்தால் கொஞ்சம் சீக்கிரமாக.

“ஐயா, திரும்ப மாட்டணும்.”

“என்ன பிள்ளை, விளையாடுறீரோ?”

“தூக்குங்க ஐயா.”

“ஓம், ஓம். நான் மண்டபப் பொறுப்பாளரோ இல்லாட்டிச் சுமை தூக்கிறவனோ எண்டு ஆரேன் சொன்னா நல்லம்.”

தூக்கினார். மூன்று திருகாணிகள் கிடைத்தன, நான்காவது கிடைக்கவில்லை. மூன்றோடு நிறுத்திவிட்டு அவள் இறங்கினாள்.

நாலு இருபதுக்குள் கதிரைகள் நிரம்பிவிட்டன. பல்கலைக்கழகப் பிள்ளைகள், பெண்கள் அமைப்பைச் சேர்ந்த ஐந்தாறு பேர், இரண்டு பத்திரிகைக்காரர்கள். யாரோ கைகுலுக்கினார்கள், யாரோ பாராட்டினார்கள். சஞ்சீவனி சிரித்தாள். கண் மட்டும் வாசலை விட்டு அசையவில்லை. வெளியே தூறல். ஒவ்வொரு ஆட்டோச் சத்தத்துக்கும் அவள் ஓரடி வாசல் பக்கம் நகர்ந்தாள்.

வந்துவிட்டார்கள்.

முன்னால் கஜேந்திரன். இஸ்திரி போட்ட சட்டை, இடுப்பில் பழைய பெல்ட்டின் சதுரக் கொக்கி, ஈரத் தலை. அவன் பிடியில் நிரோஷினியின் மணிக்கட்டு. பின்னால் குடையை மடக்கியபடி அவன் தாய் இரத்தினம்மா. கதவருகில் நின்று சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள் மூவர்தான்.

கஜேந்திரன் யாரையும் கேட்கவில்லை. நேராக ஏழாம் படத்தின் முன்னால் போய் நின்றான்.

“இத எடுத்தது யாரு?”

“எடுத்தது அவங்கதான்,” என்றாள் சஞ்சீவனி. “கேமரா மட்டும் என்னுது.”

“கத விடாதீங்க மிஸ். என் பொஞ்சாதிய இப்பிடித் தொறந்து போட்டு நீங்க பேரு வாங்குறீங்களா?”

“இது உங்க மனைவி இல்ல.”

“அப்ப யாரு?”

அவள் வாயைத் திறந்தாள். ஒரே ஒரு பெயர். அதைச் சொன்னால் நிரோஷினியின் கை விடுபடும், குழந்தை தாயோடு இருக்கும். நிரோஷினி கண்ணாலேயே தடுத்தாள். சஞ்சீவனி வாயை மூடிக்கொண்டாள்.

“பாத்தீங்களா, பேச்சு வரல,” என்றான் அவன் சபையைப் பார்த்து.

“தம்பி, கொஞ்சம் பொறும்.” நவரட்ணராஜா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னே வந்தார். “முகம் இல்லை, பேர் இல்லை. உம்மட மனுசிதான் எண்டதுக்கு என்ன ஆதாரம்?”

“ஆதாரமா? அந்தத் தழும்பு. சதுரமா, நடுவுல கீறலோட. அது மாதிரி இவ முதுகுல மட்டுந்தான்...”

நின்றுவிட்டான்.

பத்திரிகைக்காரர் ஒருவர் பேனாவைத் திறந்தார்.

“உம்மட மனுசியின்ர முதுகில அந்த அடையாளம் எப்பிடி வந்தது?” என்றார் நவரட்ணராஜா. கேலி இல்லை. விண்ணப்பப் படிவத்தில் நிரப்பாமல் விட்ட கட்டத்தைக் காட்டுகிறவர் போலக் கேட்டார்.

கஜேந்திரனின் முகம் கறுத்தது. பத்திருபது கண்கள் இப்போது படத்தைப் பார்க்கவில்லை. நிரோஷினியின் ரவிக்கைக்குப் பின்னால் இருப்பதைத் தேடின. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைக் கண்டதும் அவனுக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது.

“வாடி வெளிய,” என்று இழுத்தான். “இவ்வளவு பேருக்கு முன்னால என்னை நிக்க வச்சுட்ட. ஒங்கம்மா வூட்டுல போட்டுட்டுப் போறேன். பாப்பா முகத்த நீ இனிப் பாக்க முடியாது.”

நிரோஷினி செருப்பு வழுக்க, அவன் பின்னால் இரண்டு அடி போனாள். சஞ்சீவனி குறுக்கே பாய்ந்து அவள் மறு கையைப் பிடித்தாள். எவ்வளவு நேரம் பிடித்திருக்க முடியும் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிவிடலாம். இதோ, சொல்லிவிடுகிறேன்.

“கைய விடு தம்பி.”

குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது. இரத்தினம்மா குடையை ஒரு கதிரையில் சாய்த்துவிட்டு நடந்து வந்தாள். நாற்பத்தாறு வயது. கூடை சுமந்த கழுத்து நிமிர்ந்துதான் இருந்தது.

“நீங்க சும்மா இருங்கம்மா. இது எனக்கும் இவளுக்கும்.”

“சும்மாதான் இருந்தேன். நீ தொட்டில்ல கெடந்த காலத்துலேருந்து சும்மாதான் இருக்கேன்.” அவள் மகனைப் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்தாள், முதல்முறையாக. அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். “இந்தப் புள்ள வாயத் தொறக்காது. அந்த மிஸ்ஸும் தொறக்காது. நான்தான் ரெண்டு பேருகிட்டயும் சத்தியம் வாங்குனேன்.”

கஜேந்திரனின் பிடி தளர்ந்தது. “நீங்க எதுக்கும்மா...”

“நீ ஒங்கப்பாவ சாமி மாதிரி கும்புடுறவன். அது அப்பிடியே இருந்துட்டுப் போகட்டும்னு பாத்தேன்.” இரத்தினம்மா மருமகளின் மணிக்கட்டை அவன் விரல்களுக்குள்ளிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். “அது இவ முதுகு இல்லடா. என் முதுகு. சாவு வீட்டுல, ஞாபகமா இருக்கட்டும்னு கேட்டு வாங்கி இடுப்புல கட்டிக்கிட்டியே, அந்தப் பெல்ட்டால ஒங்கப்பா அடிச்சது.”