சிறுத்தையை மிதித்த தாத்தாக்கள்

பேரையூர் வீரணன் மதுரைக்குக் கிளம்பும்போதே சொந்தபந்தம் அத்தனைக்கும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். கல்லூரிக் கண்காட்சியில் அவர் வீட்டு நாட்டுப்புறக் கதைப் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்கள். அட்டை, கையால் வர்ணம் தீட்டியது. அதில் சிறுத்தையை மிதித்து நிற்கும் வீரனுக்கு வலது காதுமடல் அறுந்திருக்கும். வீரணனின் தாத்தாவுக்கும் அப்படித்தான். கதையில் வீரனுக்குப் பெயர் கிடையாது; காது ஒன்றே சாட்சி. படத்துக்குக் கீழே குடும்பப் பெயரை எழுதி வைப்பதாக விரிவுரையாளர் சத்யப்ரியா வாக்குக் கொடுத்திருந்தாள். அதைப் பார்க்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

கல்லூரிக்குள் நுழைந்ததும் பட்டுத்துண்டைப் பிரித்துப் புத்தகத்தை மேசையில் வைத்தார். பக்கத்திலேயே, அதே கண்காட்சிக்குப் புத்தகம் கொடுக்க வந்திருந்த செல்லூர் மொக்கையன் மஞ்சப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தார். அதே புத்தகம், அதே சிறுத்தை. வீரனுக்கு மட்டும் காது முழுசாக இருந்தது, வாயில் எத்துப்பல்.

"எங்க தாத்தாண்ணே," என்றார் மொக்கையன், தன் எத்துப்பல் தெரியச் சிரித்து.

"யோவ், சிறுத்தைய அடிச்சது எங்க தாத்தா. காதைப் பாரு!"

"கடிபட்ட காது உங்களுது. அடிச்ச கை எங்களுது."

வீரணனின் முதுகு இன்னும் கொஞ்சம் விறைத்தது. "யம்மா, நீ சொல்லு. எது அசல்?"

சத்யப்ரியா தயங்கித் தயங்கி நூலகத்துப் பிரதியைக் கொண்டுவந்தாள். அதில் சிறுத்தை இருந்தது, வேட்டி இருந்தது, மிதிக்கிற கால் இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளை.

"வரைஞ்சவரேதான் ஊர் ஊராப் போயி வித்திருக்காருங்கய்யா. வாங்குற வீட்டுப் பெரியவரை உக்கார வச்சு, அங்கேயே மூஞ்சியை வரைஞ்சு குடுப்பாராம். அவரு மக சொன்னாங்க."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. இறங்கி வருகிற கூட்டத்துக்கு என்ன பதில் சொல்வது? வீரணன் தன் அட்டையை இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். அறுந்த மடலில் தொங்கிய துளிச் சதையைக்கூட வரைந்த மனுசன் விடவில்லை. அது தாத்தாவேதான், அதில் பொய்யில்லை.

"மூணையும் வையிம்மா," என்றார். "எங்க தாத்தா வலது பக்கம்."

"வலதுன்னா பாக்குறவனுக்கா, புஸ்தகத்துக்கா?" என்று மொக்கையன் ஆரம்பிப்பதற்குள் கூட்டம் உள்ளே வந்துவிட்டது.

சத்யப்ரியா அவசரமாக மூன்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். வீரணனின் தங்கை ரெங்கம்மாள் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தாள். "இந்தா, நம்ம தாத்தா! அந்தப் பல்லு யாருண்ணே?"

"செல்லூர்க்காரவுக தாத்தா. அவரும் சிறுத்தை அடிச்சவருதான்."

மொக்கையன் வலது இடதை மறந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நம்ம பக்கம் அம்புட்டுச் சிறுத்தையா இருந்துச்சு? சரி, நடுவுல மூஞ்சியே இல்லாம நிக்கிறாரே, அவரு?"

வீரணன் தோள்துண்டை இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"புஸ்தகம் வாங்காதவங்க தாத்தா."