பக்கத்து சீட்டுக்குப் போகும் கை

போன மாதம் எவனோ ஒருவன் என்னைக் கீழே தள்ளிவிட்டு, வேனிலிருந்து நான் டெலிவரிக்கு எடுத்துப்போன பார்சலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். கம்பெனி அவனைத் தேடவில்லை. என்னைத் தற்காப்புப் பயிற்சிக்கு அனுப்பியது. தேறாவிட்டால் வேனிலிருந்து இறக்கிக் கிடங்கில் உட்காரவைப்பார்களாம். அந்த வேன்தான் எனக்கு மிச்சம். இருபத்தாறு வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து விலாசம் படித்துச் சொன்னவள் என் மனைவி. அவள் போய் இரண்டு வருடமாகிறது. வீட்டைவிட வேனில்தான் அவள் அதிகம் இருக்கிறாள்.

எங்களுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் பயிற்சி கொடுத்த பெண்ணின் வயது இருக்கும்.

"எதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். திடுக்குன்னு ஆனா உடம்பு தானா ஒண்ணு செய்யும். அதையே தற்காப்பா மாத்திக்கலாம்" என்றாள்.

சொல்லிக்கொண்டே ஒவ்வொருவர் முகத்தை நோக்கியும் பஞ்சு உறை போட்ட கையை வீசினாள். எல்லோருக்கும் இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால் எழுந்தன. என் இடது கை மட்டும் பக்கவாட்டில் நீண்டு, காற்றைத் தடுத்துக்கொண்டு நின்றது. அடி மூக்கில் விழுந்தது. மூன்று முறை முயன்றோம். மூன்று முறையும் மூக்குதான். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரைத் தடுக்கறீங்க சார்?"

"பிரேக் போட்டா பக்கத்துல இருக்கறவ போய் முன்னாடி இடிச்சுக்கக் கூடாதில்ல?" என்று எரிந்து விழுந்தேன். சொன்ன பிறகுதான் எனக்கே விஷயம் புரிந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. நல்லவேளை, அந்தப் பெண் அனுதாபம் காட்டவில்லை. என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"இந்தப் பழக்கத்தை மாத்த வேண்டாம். இடது தோள் எதிராளியைப் பாக்கற மாதிரி நில்லுங்க. அவங்களைக் காப்பாத்துன கை உங்களையும் காப்பாத்தும்."

மறுபடி வீசினாள். அடி என் உள்ளங்கையில் பட்டு நின்றது. கடைசி நாள் சோதனையில் என் மேல் ஒரு அடிகூட விழவில்லை.

தேறிவிட்ட செய்தியோடு வேனில் ஏறினேன். சொல்ல ஆளில்லை. இரண்டு தெரு தாண்டியதும் ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக்கை மிதித்தேன். கை தானாகப் பக்கத்து சீட்டுக்குப் போனது.

"கைய எடுங்க, நான் என்ன கைக்குழந்தையா?" என்று ஒவ்வொரு முறையும் தட்டிவிடுவாள்.

பின்னால் வந்தவன் ஹாரன் அடித்து உயிரை வாங்கினான். அடிக்கட்டும் என்று கையை அப்படியே வைத்திருந்தேன்.