கூடைக்கயிறு படாத இடம்

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பூரணி, கொழுந்து பறிக்கும் பெண்களின் மூளையை ஸ்கேன் எடுத்து ஆராய்ந்து வந்தாள். மூளையில் எந்தப் பகுதியை அளப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டுப் பழுதான இடத்தை மட்டும் பொறுக்கிக் கணக்குக் காட்டுவது களவாணித்தனம். அதனால் அந்தப் பெண்களிடமே கேட்டாள். தலைவலி என்றதும் எல்லோரும் முதுகில் தொங்கும் கூடையின் கயிறு அழுத்தும் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினார்கள். அவளுடைய அக்கா வினோதாவும் அப்படித்தான். பூரணி அந்த இடத்தையே குறித்துக்கொண்டாள்.

அங்கே ஒரு பழுதும் இல்லை. இருந்த பழுதெல்லாம் பின்மண்டையில். அதிலும் அக்காவின் படம் ரொம்ப மோசம். காரணம் தெரிந்தால் அடுத்த தோட்டத்துப் பெண்களுக்கு அந்த இடத்தை முறையாகக் குறிக்கலாம். அதைவிட முக்கியம், அக்கா உயிரோடு இருப்பாள். பூரணி பதறிக்கொண்டு அக்கா குடியிருக்கும் லயத்து வீட்டுக்கு வந்தாள்.

"பின்மண்டையில என்னக்கா பட்டுச்சி?"

"கூடக்கயிறுதான்டி. வேற என்ன?"

"கயிறு அங்கிட்டு படாதேக்கா."

வினோதா அடுப்பை ஊதினாள். அந்நேரம் அவள் புருஷன் ஜீவராஜ் குடித்துவிட்டு உள்ளே வந்தான்.

"தங்கச்சிய கூப்பிட்டு வத்தி வைக்கிறியாடி?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைக் கதவுநிலையில் மோதினான். மறுபடி மோதினான். நிலையில் இரத்தம் வழிந்தது. எந்த இடம் மோதுகிறது என்று பூரணி கண்ணால் பார்த்தாள்: அதே பின்மண்டை. இந்தப் பெண்கள் எல்லோரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்களே, பாவிகள்!

பூரணி விறகுக்கட்டையை எடுத்தாள். மண்டையில் எங்கே போட்டால் ஆள் எழுந்திருக்க மாட்டான் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அங்கேதான் ஓங்கினாள். கடைசி நொடியில் கையைத் தாழ்த்தி அவன் முழங்கையில் இறக்கினாள். எலும்பு முறிந்தது. அவன் அலறிக்கொண்டு வாசலில் விழுந்தான்.

மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்த சிங்களப் போலீஸ்காரர் தனக்குத் தெரிந்த தமிழில், "யாரு அடிச்சது?" என்று வினோதாவைக் கேட்டார். பூரணி அக்காவின் முகத்தையே பார்த்தாள். சொல்லிடுக்கா, இப்பவாவது சொல்லிடு.

கட்டுப்போட்ட தலையோடு வினோதா கையை நீட்டினாள்.

"இந்தா நிக்கிறாளே, இவதாங்க. எம் புருசன் கைய இவதான் ஒடச்சா."

"உன்னோட தலை?"

"அது நான் வழுக்கி விழுந்ததுங்க."

போலீஸ்காரர் பூரணியைக் கூட்டிக்கொண்டு போனார்.